விஎம்முக்குள்ள புது சிபியு ஃபீச்சர் வரலையா? கேவிஎம், கியூஎமு, லிப்வர்ட்ல ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

புது சர்வர் வந்தாச்சு, ப்ராசஸர்ல ஏவிஎக்ஸ்2 (ஒரே தடவ நிறைய டேட்டாவ கணக்கு போடற இன்ஸ்ட்ரக்ஷன்) இருக்கு, ஏவிஎக்ஸ்-512 இருக்கு, கேட்டதெல்லாம் இருக்கு. அதுல ஒரு விஎம் (சர்வருக்குள்ள ஓடற வர்ச்சுவல் மெஷின்) போட்டு மாங்கோடிபி 5.0 டேட்டாபேஸ் இன்ஸ்டால் பண்ணா ஸ்டார்ட் ஆன உடனே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு விழுந்துடும். இல்லன்னா ரெட் ஹேட் 9 ஐஎஸ்ஓ போட்டு பூட் பண்ணா சிபியு எக்ஸ்86-64-வி2 (ப்ராசஸர்ல குறைஞ்சபட்சம் இருக்க வேண்டிய ஃபீச்சர் லெவல்) சப்போர்ட் பண்ணலன்னு ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) எரர் சொல்லி கெர்னல் பேனிக் ஆகி நிக்கும். உடனே மாங்கோவையும் ரெட் ஹேட்டையும் திட்டாதீங்க. விஎம்முக்குள்ள போய் எல்எஸ்சிபியு அடிச்சு மாடல் நேம் பாருங்க, "காமன் கேவிஎம் ப்ராசஸர்"னோ "கியூஎமு வர்ச்சுவல் சிபியு வெர்ஷன் 2.5+"னோ இருந்தா விஷயம் அங்கயே முடிஞ்சது, உங்க விஎம்முக்கு கேவிஎம்64 இல்ல கியூஎமு64ங்கிற பழைய பொதுவான மாடல் குடுத்திருக்காங்க, அதுல ஏவிஎக்ஸ் கிடையாது.

நிறைய பேர் இதுக்கு சொல்ற ஒரே பதில் "ஹோஸ்ட்-பாஸ்த்ரூ போடு"ங்கிறது தான், அதாவது சர்வரோட சிபியுவ அப்படியே விஎம்முக்கு காட்டற செட்டிங். ஒத்த சர்வர் வெச்சிருந்தா அது போதும், தப்பில்ல. ஆனா ரெண்டு மூணு ஹோஸ்ட் (விஎம் ஓடற நிஜ சர்வர்) இருந்து லைவ் மைக்ரேஷன் (ஓடிட்டு இருக்கிற விஎம்ம நிறுத்தாம வேற ஹோஸ்டுக்கு மாத்தறது) வேணும்னா அது பின்னாடி தொல்லை குடுக்கும், சில ஃபீச்சர் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ போட்டாலும் வராது. அதனால ஃபீச்சர் எந்த இடத்துல நின்னு போச்சுன்னு கண்டுபிடிக்கிறது தான் இதுல முக்கியமான வேலை. கண்டுபிடிச்சுட்டா சரி பண்றது பெரும்பாலும் ஒரு வரி மாத்தற சமாச்சாரம்.

நான் இங்க சொல்றது எல்லாம் எக்ஸ்86 லினக்ஸ் ஹோஸ்ட், கேவிஎம் (லினக்ஸ் கெர்னல்ல இருக்கிற வர்ச்சுவலைசேஷன் பகுதி), கியூஎமு (ஒவ்வொரு விஎம்மையும் ஓட்டற ப்ரோக்ராம்), மேல லிப்வர்ட் (அதை மேனேஜ் பண்ற லேயர், வெர்ஷ் அதோட கமாண்ட்). விஎம்முக்குள்ள ஓடற ஓஎஸ்ஸ தான் கெஸ்ட்னு சொல்றேன். விஎம்ம மேனேஜ் பண்ற ப்ராக்ஸ்மாக்ஸ், ஓப்பன்ஸ்டாக் மாதிரி சாஃப்ட்வேருக்கு கடைசில ரெண்டு வரி இருக்கு.

முதல்ல கெஸ்டுக்கு ஃபீச்சர் எப்படி தெரியுது

ப்ரோக்ராமோ கெர்னலோ சிபியுவ பத்தி தெரிஞ்சுக்க சிபியுஐடின்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் போடும். லீஃப் நம்பர் குடுத்தா நாலு ரெஜிஸ்டர்ல பதில் வரும், ஒவ்வொரு பிட்டும் ஒரு ஃபீச்சர். உதாரணத்துக்கு லீஃப் 1ல ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரோட 25வது பிட் ஏஈஎஸ், 28வது பிட் ஏவிஎக்ஸ். லீஃப் 7ல ஈபிஎக்ஸ் 5வது பிட் ஏவிஎக்ஸ்2, 16வது பிட் ஏவிஎக்ஸ்-512 ஃபவுண்டேஷன். இன்டெல்ல கெஸ்ட் இந்த இன்ஸ்ட்ரக்ஷன் போட்டா கட்டாயம் விஎம் எக்ஸிட் ஆகும், அதாவது ஹைப்பர்வைசர் கைக்கு வந்துடும், கேவிஎம் தன்கிட்ட இருக்கிற டேபிள பாத்து பதில் சொல்லும். அந்த டேபிள எழுதி குடுக்கிறது கியூஎமு. கியூஎமுவுக்கு என்ன எழுதணும்னு சொல்றது லிப்வர்ட்டோட எக்ஸ்எம்எல்.

இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும். டேபிள்ல பிட்ட மறைச்சுட்டா அந்த இன்ஸ்ட்ரக்ஷன் ஓடாதுன்னு அர்த்தம் இல்ல. ஏஈஎஸ் பிட்ட மறைச்சாலும் கெஸ்ட்ல இருக்கிற ப்ரோக்ராம் சிபியுஐடிய கேக்காம நேரா ஏஈஎஸ் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டா அது ஹார்டுவேர்ல ஓடிடும், ஹைப்பர்வைசரால நடுவுல பிடிக்க முடியாது. ஏவிஎக்ஸ் மாதிரி புது ரெஜிஸ்டர் கொண்டு வர்ற ஃபீச்சர் அப்படி இல்ல, அதுக்கு எக்ஸ்சிஆர்0ங்கிற கன்ட்ரோல் ரெஜிஸ்டர்ல பிட் ஆன் பண்ணணும், அந்த எழுத்து கேவிஎம் வழியா தான் போகும், அங்க தடுத்துடலாம்.

அதனால ஃபீச்சர மூணு வகையா பிரிச்சு வெச்சுக்கறது நல்லது. வெறும் புது இன்ஸ்ட்ரக்ஷன் மட்டும்னா கேவிஎம்ல பிட்ட லிஸ்ட்ல சேத்தாலே கிட்டத்தட்ட போதும், சீக்கிரம் வந்துடும். புது ரெஜிஸ்டர் ஸ்டேட் இருந்தா அதை சேவ் பண்ணணும், ரீஸ்டோர் பண்ணணும், மைக்ரேஷன்ல அனுப்பணும், கொஞ்சம் லேட் ஆகும். மூணாவது புது எம்எஸ்ஆர் (சிபியுவ கட்டுப்படுத்தற ஸ்பெஷல் ரெஜிஸ்டர்), ப்ரிவிலேஜ் சமாச்சாரம் எல்லாம் சேந்தது, அது தான் ரொம்ப இழுக்கும். இன்டெல்லோட சிஇடி (ஷேடோ ஸ்டாக் மாதிரி, ப்ரோக்ராம் ஓட்டத்த ஹேக் பண்ணாம காக்கிற வசதி) அதுக்கு நல்ல உதாரணம், டைகர் லேக் ப்ராசஸர்ல 2020லயே வந்துடுச்சு, யூசர் ஷேடோ ஸ்டாக் லினக்ஸ் 6.6ல 2023ல தான் வந்தது, கேவிஎம் கெஸ்டுக்கு குடுக்கிறது 6.18 வரைக்கும் இழுத்துது. உங்க ஃபீச்சர் எந்த வகைன்னு தெரிஞ்சா கெர்னல் எவ்வளவு புதுசா இருக்கணும்னு ஓரளவு யூகிச்சுடலாம்.

ஸ்டெப் 1: ஹோஸ்ட்லயே இருக்கா பாருங்க

இது சின்னப்பிள்ளைத்தனமா தெரியும், ஆனா பாதி கேஸ் இங்கயே முடியும். ஹோஸ்ட்ல ப்ராக் சிபியுஇன்ஃபோ ஃபைல்ல ஃப்ளாக்ஸ் வரில க்ரெப் பண்ணுங்க. அது கெர்னல் என்ன நினைக்குதுங்கிறத காட்டுது, ஹார்டுவேர் சொல்றத அப்படியே காட்டல. ஹார்டுவேர் சொல்றத பாக்கணும்னா சிபியுஐடிங்கிற பேர்லயே ஒரு டூல் பேக்கேஜ் இருக்கு, போட்டு ரா டம்ப் எடுத்து ஒப்பிடுங்க. ஹார்டுவேர்ல பிட் இருக்கு, கெர்னல்ல ஃப்ளாக் இல்லன்னா யாரோ ஆஃப் பண்ணிருக்காங்க, இல்ல கெர்னல் ரொம்ப பழசு.

ஆஃப் ஆகிறதுக்கு நிறைய வழி இருக்கு. பயாஸ்ல ஏஈஎஸ் ஆப்ஷன், வர்ச்சுவலைசேஷன் ஆப்ஷன் டிசேபிள்ல இருக்கலாம். மைக்ரோகோட் (சிபியுவுக்குள்ளயே ஓடற ஃபர்ம்வேர்) அப்டேட்ல போயிருக்கலாம். 2014 ஆகஸ்ட்ல ஹாஸ்வெல் ப்ராசஸர்ல டிஎஸ்எக்ஸ் (மெமரி ட்ரான்ஸாக்ஷன் வசதி) பக் வந்து இன்டெல் மைக்ரோகோட்லயே அதை ஆஃப் பண்ணப்போ அதோட ஹெச்எல்ஈ, ஆர்டிஎம் ரெண்டு ஃப்ளாக்கும் ஒரே ராத்திரில காணாம போச்சு, அதுக்காகவே கியூஎமுல "ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ்"னு தனி மாடல் வந்தது. 2019 நவம்பர்ல டிஏஏங்கிற செக்யூரிட்டி ஓட்டை வந்தப்போ லினக்ஸ் கெர்னல் டிஎஸ்எக்ஸ்ஸ டிஃபால்ட்டா ஆஃப் பண்ண ஆரம்பிச்சுது, திரும்ப அதே கூத்து, இந்த தடவ கேஸ்கேட் லேக் மாதிரி புது ப்ராசஸருக்கு. 2023ல டவுன்ஃபால்ங்கிற இன்னொரு ஓட்டை வந்தப்போ கேதர்-டேட்டா-சாம்ப்ளிங் பூட் பேராமீட்டர ஃபோர்ஸ்னு குடுத்திருந்து மைக்ரோகோட் அப்டேட் போடாம விட்டிருந்தா கெர்னல் ஏவிஎக்ஸ்ஸயே மொத்தமா ஆஃப் பண்ணிடும். அதனால பூட் கமாண்ட் லைன ஒரு தடவ படிச்சு பாருங்க, எப்பவோ யாரோ ஒட்டி வெச்ச பேராமீட்டர் அங்க உக்காந்திருக்கும்.

வீட்ல லேப் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், இன்டெல் 12வது ஜெனரேஷன்ல ஏவிஎக்ஸ்-512 தேடாதீங்க. ஆரம்பத்துல சில போர்டு பயாஸ்ல ஈ-கோர் (பவர் மிச்சம் பண்ற சின்ன கோர்) எல்லாம் ஆஃப் பண்ணா வந்துட்டு இருந்தது, அப்புறம் அதையும் எடுத்துட்டாங்க.

ஸ்டெப் 2: கேவிஎம்மும் கியூஎமுவும் ஒத்துக்குதா

ஹார்டுவேர்ல இருந்தாலும் கேவிஎம் "இதை நான் கெஸ்டுக்கு குடுக்க முடியும்"னு சொல்லணும். இதை ஈஸியா பாக்க வெர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ் கமாண்ட் ஓட்டுங்க. அதுல சிபியு பகுதில ஹோஸ்ட்-மாடல்னு ஒரு ப்ளாக் வரும், கிட்டத்துல இருக்கிற மாடல் பேரும் அதுக்கு மேல சேக்கிற ஃபீச்சர் லிஸ்டும் இருக்கும். அது ஹார்டுவேர், கேவிஎம், கியூஎமு மூணும் ஒத்துக்கிட்ட லிஸ்ட். கீழ கஸ்டம்னு இன்னொரு ப்ளாக்ல எல்லா மாடல் பேரும் இருக்கும், பக்கத்துல யூசபிள் எஸ்ஸா நோவான்னு போட்டிருக்கும். புது லிப்வர்ட்ல நோன்னு இருக்கிற மாடலுக்கு எந்த ஃபீச்சர் இல்லாததால முடியலங்கிறதையும் ப்ளாக்கர்ஸ்னு தனியா காட்டும், அது ரொம்ப உபயோகம்.

வெர்ஷ் கேப்பபிலிட்டீஸ்னு இன்னொரு கமாண்ட் இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிறதால குழம்பாதீங்க, அது ஹோஸ்ட் சிபியுவ பத்தி மட்டும் சொல்லும், கியூஎமுவ கேக்காது. அதுல இருக்கிறது விஎம்முக்கு வரும்னு கேரண்டி இல்ல.

அதே மாதிரி கியூஎமுவ சிபியு ஹெல்ப்னு கேட்டா ஒரு நீட்டு லிஸ்ட் குடுக்கும், அது கியூஎமுவுக்கு தெரிஞ்ச பேரோட லிஸ்ட் தான். தெரிஞ்சிருக்கு, அவ்வளவு தான்.

பேர்ல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. கெர்னல் ஃப்ளாக்குக்கு அண்டர்ஸ்கோர் போடும், கியூஎமு சில இடத்துல ஹைஃபன் போடும், சில இடத்துல சேத்தே எழுதும். கெர்னல்ல ஏவிஎக்ஸ்512 அண்டர்ஸ்கோர் விஎன்என்ஐன்னு இருக்கிறது கியூஎமுல அண்டர்ஸ்கோர் இல்லாம ஒட்டி இருக்கும். ஏஎம்எக்ஸ் டைல் கெர்னல்ல அண்டர்ஸ்கோர், கியூஎமுல ஹைஃபன். கெர்னல் ஃப்ளாக்க காப்பி பண்ணி எக்ஸ்எம்எல்ல ஒட்டினா தெரியாத ஃபீச்சர்னு எரர் வந்தா முதல்ல இதை பாருங்க.

ஸ்டெப் 3: மோட முடிவு பண்ணுங்க

லிப்வர்ட்ல சிபியு மோட் மூணு இருக்கு, நாலாவதா மேக்ஸிமம்னு ஒண்ணும் உண்டு, அது டெஸ்டிங்குக்கு தான், விடுங்க.

ஹோஸ்ட்-பாஸ்த்ரூ, ஹோஸ்ட் சிபியுவ கிட்டத்தட்ட அப்படியே காட்டும். இந்த "கிட்டத்தட்ட" தான் நிறைய பேருக்கு தெரியாதது. இதுல மைக்ரேட்டபிள்னு ஒரு செட்டிங் இருக்கு, கியூஎமுல டிஃபால்ட்டா ஆன். அது ஆன்ல இருந்தா மைக்ரேட் பண்ண முடியாத ஃபீச்சர கியூஎமு எடுத்துடும், இன்வேரியன்ட் டிஎஸ்சி (வேகம் மாறாத டைம் கவுன்டர்) அதுல ஒண்ணு. இன்னொண்ணு, கியூஎமுவுக்கு பேர் தெரியாத பிட் எல்லாத்தையும் சேத்து எடுத்துடும். அதாவது நேத்து வந்த சிபியு, புது கெர்னல், கேவிஎம் ஓகே சொல்லுது, ஆனா டிஸ்ட்ரோவோட பழைய கியூஎமு, அப்போ ஹோஸ்ட்-பாஸ்த்ரூ போட்டும் அந்த ஃபீச்சர் கெஸ்ட்ல வராது. மைக்ரேட்டபிள் ஆஃப் பண்ணி பாத்தா வந்தாலும் வரும், வந்தா கியூஎமு அப்டேட் பண்ணணும்னு புரிஞ்சுக்கலாம். செக் பண்ண மட்டும் அதை வெச்சுக்கோங்க, ப்ரொடக்ஷன்ல விடாதீங்க.

ஹோஸ்ட்-மாடல், விஎம் ஸ்டார்ட் ஆகும்போது டொம்கேப்பபிலிட்டீஸ்ல பாத்தோமே அந்த ப்ளாக்க எடுத்து விஎம்முக்கு குடுத்துடும். ஒரே மாதிரி ஹோஸ்ட் நாலஞ்சு இருந்தா நான் இதை தான் போடுவேன். ஒண்ணு கவனிக்கணும், கெர்னலோ கியூஎமுவோ மைக்ரோகோடோ அப்டேட் ஆனா அடுத்த ஸ்டார்ட்ல ஃபீச்சர் லிஸ்ட் மாறும். அப்டேட் ஆன ஹோஸ்ட்ல ஸ்டார்ட் ஆன விஎம்ம அப்டேட் ஆகாத ஹோஸ்டுக்கு தள்ள முயற்சி பண்ணா மறுக்கும்.

கஸ்டம், நீங்களே மாடல் பேர் எழுதி ஃபீச்சர் சேக்கிறது. ஹோஸ்ட் ஜெனரேஷன் கலந்து இருந்தா இது தான் வழி.

ஸ்டெப் 4: கஸ்டம் எக்ஸ்எம்எல் எழுதறது

வெர்ஷ் எடிட் போட்டு சிபியு டேக்குக்கு போங்க. மோட் கஸ்டம், மேட்ச் எக்ஸாக்ட், செக் ஃபுல். உள்ள மாடல் டேக்ல பேர், உதாரணத்துக்கு ஐஸ்லேக்-சர்வர், ஃபால்பேக் ஃபர்பிட். அதுக்கு கீழ ஒவ்வொரு எக்ஸ்ட்ரா ஃபீச்சருக்கும் ஒரு ஃபீச்சர் டேக், பாலிசி, பேர்.

பாலிசில அஞ்சு இருக்கு, நிஜமா வேணுங்கிறது ரெண்டு தான். ரிக்வயர்னா ஹோஸ்ட்ல இல்லன்னா விஎம் ஸ்டார்ட்டே ஆகாது. டிசேபிள்னா ஹோஸ்ட்ல இருந்தாலும் மறைச்சுடும். ஃபோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஹோஸ்ட்ல இருக்கோ இல்லையோ இருக்குன்னு கெஸ்ட்கிட்ட சொல்ல சொல்றது, பேர் பாத்து ஆசைப்படாதீங்க, இல்லாத இன்ஸ்ட்ரக்ஷன யாராலயும் வரவழைக்க முடியாது, கெஸ்ட் அதை நம்பி ஓட்டி க்ராஷ் ஆகும். ஆப்ஷனல்னா இருந்தா குடு இல்லன்னா விடுன்னு அர்த்தம், கேக்க நல்லா இருக்கும், ஆனா எந்த விஎம்முக்கு என்ன போயிருக்குன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

செக் ஃபுல் ஏன்னா, கியூஎமு குணம் அப்படி. கேட்ட ஃபீச்சர் இல்லன்னா "ஹோஸ்ட் டஸிண்ட் சப்போர்ட் ரிக்வெஸ்டட் ஃபீச்சர்"னு லாக்ல ஒரு வார்னிங் போட்டுட்டு அது இல்லாமயே ஸ்டார்ட் பண்ணிடும். யார் அந்த லாக்க படிக்கப்போறாங்க. செக் ஃபுல் இருந்தா லிப்வர்ட் "கெஸ்ட் சிபியு டஸிண்ட் மேட்ச் ஸ்பெசிஃபிகேஷன், மிஸ்ஸிங் ஃபீச்சர்ஸ்"னு பேரோட சொல்லி நிறுத்திடும். லிப்வர்ட் இல்லாம நேரா கியூஎமு ஓட்டறவங்க சிபியு ஆப்ஷன் கடைசில என்ஃபோர்ஸ்னு சேத்தா அதே வேலை நடக்கும்.

"திஸ் ஃபீச்சர் டிபெண்ட்ஸ் ஆன் அதர் ஃபீச்சர்ஸ்"னு வார்னிங் வந்தா, நீங்க கேட்டதுக்கு அடிப்படையான ஒண்ண விட்டுட்டீங்கன்னு அர்த்தம். கேவிஎம்64 மேல ஏவிஎக்ஸ்2 மட்டும் ப்ளஸ் போட்டு கேக்கிறதும் இதே மாதிரி தப்பு தான். கீழ எக்ஸ்சேவ் (ரெஜிஸ்டர் ஸ்டேட்ட சேவ் பண்ற வசதி) இல்லாம மேல ஏவிஎக்ஸ் எப்படி வரும். பழைய மாடல் மேல ஒண்ணொண்ணா அடுக்கறதுக்கு பதிலா நல்ல மாடலா மாத்திட்டு வேண்டாதத டிசேபிள் பண்றது எப்பவும் மேல்.

மாடல் பேருக்கு பின்னாடி வி1, வி2ன்னு வெர்ஷன் பாத்திருப்பீங்க, கியூஎமு 4.1ல இருந்து இருக்கு. அதே மாதிரி மெஷின் டைப்லயும் (விஎம்மோட வர்ச்சுவல் மதர்போர்டு வகை) வெர்ஷன் இருக்கு, பழைய மெஷின் டைப்போட ஓடிட்டு இருக்கிற விஎம்ல பழைய நடத்தை மாறக்கூடாதுன்னு கியூஎமு சில சிபியு ப்ராப்பர்ட்டிய அப்படியே விட்டு வெக்கும். எல்லாம் சரியா இருந்தும் வரலன்னா மெஷின் டைப்பயும் பாருங்க.

ஸ்டெப் 5: முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

கெஸ்டுக்குள்ள ரீபூட் அடிச்சா போதாது. ரீபூட்ல கியூஎமு ப்ராசஸ் அப்படியே தான் இருக்கும், சிபியுஐடி டேபிளும் அதே தான். விஎம்ம ஷட்டவுன் பண்ணி, அந்த கியூஎமு ப்ராசஸ் போய், திரும்ப ஸ்டார்ட் ஆகணும். 2018 ஜனவரில ஸ்பெக்டர், மெல்ட்டவுன்னு சிபியு ஓட்டை வந்தப்போ ஹோஸ்ட் எல்லாம் பேட்ச் பண்ணியும் கெஸ்ட்ல ஸ்பெக்-கன்ட்ரோல் ஃப்ளாக் வரலன்னு ஊரெல்லாம் புலம்பினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதை விட நைசா ஏமாத்தறது மேனேஜ்ட்சேவ். ஹோஸ்ட் ரீபூட் ஆகும்போது லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ் விஎம்ம ஷட்டவுன் பண்ணாம மெமரிய டிஸ்க்ல சேவ் பண்ணி வெக்கிற மாதிரி செட் ஆயிருந்தா, ஹோஸ்ட் வந்ததும் பழைய சிபியு டெஃபனிஷனோடயே எழுந்துக்கும். நீங்க ஹோஸ்டயே ரீபூட் பண்ணியாச்சேன்னு நினைப்பீங்க. கெஸ்ட்ல அப்டைம் பாத்தா மாட்டிக்கும்.

ஸ்டார்ட் ஆனப்புறம் வெர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் ரெண்டு தடவ எடுங்க, ஒரு தடவ சும்மா, ஒரு தடவ இன்ஆக்டிவ் ஆப்ஷனோட. ஓடற எக்ஸ்எம்எல்ல நிஜமா குடுத்தது இருக்கும், இன்ஆக்டிவ்ல நீங்க கேட்டது இருக்கும். ரெண்டையும் டிஃப் போட்டா எது விழுந்துச்சுன்னு டிசேபிள்னு எழுதி அங்கயே நிக்கும்.

ஸ்டெப் 6: கெஸ்ட் பக்கம்

கெஸ்ட் கெர்னல் பழசா இருந்தா அதுக்கு அந்த பிட்டோட பேரே தெரியாது, சிபியுஇன்ஃபோல காட்டாது. வெறும் இன்ஸ்ட்ரக்ஷன் வகைன்னா பரவால்ல, ப்ரோக்ராம் நேரா சிபியுஐடி கேட்டு யூஸ் பண்ணிக்கும். புது ரெஜிஸ்டர் வகைன்னா கெஸ்ட் கெர்னல் தெரிஞ்சே ஆகணும்.

லினக்ஸ் கெஸ்ட்ல ஜிலிப்சி 2.33 இல்ல அதுக்கு மேல இருந்தா டைனமிக் லோடர ஹெல்ப் ஆப்ஷனோட ஓட்டுங்க, எக்ஸ்86-64-வி2, வி3, வி4ல எது சப்போர்ட்டட்னு கடைசில போடும். ரெட் ஹேட் 9க்கு வி2 வேணும், 10க்கு வி3. விண்டோஸ் கெஸ்ட்னா சிஸ்இன்டர்னல்ஸ்ல கோர்இன்ஃபோன்னு டூல் இருக்கு, அதுல பாக்கலாம்.

செக்யூரிட்டி பிட்ட மறந்துடாதீங்க. சிஸ் டிவைசஸ் சிஸ்டம் சிபியு கீழ வல்னரபிலிட்டீஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, எம்டிஎஸ் (ஒரு சிபியு ஓட்டை) ஃபைல்ல "வல்னரபிள், கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்"னு கெஸ்ட்ல வந்தா எம்டி-கிளியர் ஃபீச்சர் விஎம்முக்கு வரலன்னு அர்த்தம், ஹோஸ்ட்ல மைக்ரோகோட் இருந்தாலும் இப்படி ஆகலாம். எஸ்எஸ்பிடி, பிசிஐடி, ஸ்பெக்-கன்ட்ரோல்னு மத்த ஓட்டைக்கு உதவற பிட் எல்லாம் இதே கதை. ஏவிஎக்ஸ் கேக்க ஆள் வருவாங்க, இதை யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களா போடணும்.

ஒரு கேஸ் முழுசா: ஏஎம்எக்ஸ்

இன்டெல் சஃபையர் ராப்பிட்ஸ் ஹோஸ்ட், கெஸ்ட்ல ஏஐ மாடல் இன்ஃபரன்ஸ் ஓட்டணும், ஏஎம்எக்ஸ் (மேட்ரிக்ஸ் கணக்குக்கான இன்ஸ்ட்ரக்ஷன்) வேணும்னு வெச்சுக்கோங்க. இதுல எட்டு டைல் ரெஜிஸ்டர், ஒவ்வொண்ணும் 16 வரிசை, வரிசைக்கு 64 பைட், அதாவது டைலுக்கு 1 கேபி, மொத்தம் 8 கேபி. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்ல இவ்வளவு பெரிய ஸ்டேட்ட சேவ் பண்ண இடம் ஒதுக்கணும்னு கெர்னல் ஆளுங்க யோசிச்சு, கேட்டா தான் குடுப்போம்னு வெச்சுட்டாங்க. எக்ஸ்எஃப்டின்னு ஒரு ஹார்டுவேர் வசதி மூலமா யாராவது முதல் தடவ டைல தொட்டா ட்ராப் ஆகும், அனுமதி வாங்கின ப்ராசஸ்னா அப்போ தான் இடம் ஒதுக்குவாங்க.

இதனால ஹோஸ்ட் கெர்னல் 5.16ல ஏஎம்எக்ஸ் வந்தும் கெஸ்டுக்கு குடுக்க கேவிஎம்ல 5.17 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, ஏன்னா கியூஎமு ப்ராசஸ் கெஸ்டுக்காக தனியா அனுமதி கேக்கணும், அதுக்கு தனி வழி போட்டாங்க. கியூஎமு பக்கம் 7.0. கெஸ்டுக்குள்ள திரும்ப 5.16. டிஸ்ட்ரோ பேக்போர்ட் பண்ணிருந்தா நம்பர் சின்னதா இருந்தும் வேலை செய்யும், நம்பர மட்டும் நம்பாதீங்க.

எக்ஸ்எம்எல்ல ஏஎம்எக்ஸ்-டைல், ஏஎம்எக்ஸ்-இன்ட்8, ஏஎம்எக்ஸ்-பிஎஃப்16 மூணையும் ரிக்வயர் போட்டு, எக்ஸ்எஃப்டிய விட்டுட்டா கெஸ்ட் கெர்னல் "டைனமிக் ஸ்டேட்ட கட்டுப்படுத்த வழி இல்ல"ன்னு டைல் ஸ்டேட்ட எடுத்துடும், அப்புறம் ப்ரோக்ராம் எவ்வளவு கேட்டாலும் அனுமதி கிடைக்காது. நாலையும் சேத்து போடுங்க, இல்ல கியூஎமுல சஃபையர்ராப்பிட்ஸ் மாடல் இருந்தா அதையே எடுத்துக்கோங்க, எல்லாம் உள்ளயே இருக்கு. இத்தனையும் சரியா இருந்து ப்ரோக்ராம் மட்டும் விழுந்தா, அது ஆர்ச்-பிஆர்சிடிஎல் சிஸ்டம் கால்ல அனுமதி கேக்கலன்னு தான் அர்த்தம்.

ஸ்டெப் 7: மைக்ரேஷன் இருந்தா

பெரும்பாலான ப்ரோக்ராம் சிபியுஐடிய ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவ தான் கேக்கும். ஜிலிப்சியே அப்படி தான், மெம்காப்பிக்கு (மெமரிய காப்பி பண்ற ஃபங்ஷன்) ஏவிஎக்ஸ்2 வெர்ஷனா ஏவிஎக்ஸ்-512 வெர்ஷனான்னு லோட் ஆகும்போது முடிவு பண்ணிடும். அப்புறம் அந்த விஎம்ம ஏவிஎக்ஸ்-512 இல்லாத ஹோஸ்டுக்கு தள்ளினா ப்ரோக்ராமுக்கு எதுவும் தெரியாது, அடுத்த மெம்காப்பில செத்துடும். அதனால க்ளஸ்டர்ல இருக்கிறதுலயே பழைய ஹோஸ்டுக்கு எது முடியுமோ அது தான் எல்லாருக்கும். ஏமாத்தி தாண்ட வழி கிடையாது.

ஒவ்வொரு ஹோஸ்ட்லயும் வெர்ஷ் டொம்கேப்பபிலிட்டீஸ் எடுத்து எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வெர்ஷ் ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன் கமாண்டுக்கு குடுங்க, மைக்ரேட்டபிள் ஆப்ஷனும் சேத்துக்கோங்க, எல்லாருக்கும் பொதுவான மாடலும் ஃபீச்சர் லிஸ்டும் எக்ஸ்எம்எல்லாவே வரும், அப்படியே விஎம்ல ஒட்டலாம். பேர் கிட்டத்துல சிபியு-பேஸ்லைன்னு பழைய கமாண்ட் ஒண்ணு இருக்கு, அது கியூஎமுவ கேக்காது, அதை விட்டுடுங்க. புது ஃபீச்சர் நிஜமா வேணுங்கிற விஎம் ரெண்டு மூணு தான் இருக்கும், அதுக்கு மட்டும் புது ஹோஸ்ட தனி குரூப்பா பிரிச்சு வெச்சு தனி மாடல் குடுக்கிறது, மொத்த க்ளஸ்டரயும் இழுத்துட்டு போறத விட சுலபம்.

ப்ராக்ஸ்மாக்ஸ்ல 8ல இருந்து புது விஎம்முக்கு வெப் பக்கத்துல டிஃபால்ட் எக்ஸ்86-64-வி2-ஏஈஎஸ், பழைய விஎம் எல்லாம் கேவிஎம்64லயே இருக்கும், அப்கிரேட் அதை மாத்தாது, நீங்க தான் ஒவ்வொண்ணா மாத்தணும். தனியா மாடல் வேணும்னா சிபியு-மாடல்ஸ் கான்ஃப் ஃபைல்ல எழுதலாம். ஓப்பன்ஸ்டாக் நோவால லிப்வர்ட் செக்ஷன்ல சிபியு மோட், சிபியு மாடல்ஸ், எக்ஸ்ட்ரா ஃப்ளாக்ஸ்னு மூணு செட்டிங். விஎம்வேர்ல ஈவிசின்னு க்ளஸ்டர் லெவல்ல இதே வேலை பண்ற வசதி இருக்கு, கூடவே விஎம்மோட ஹார்டுவேர் வெர்ஷன் பழசா இருந்தாலும் புது இன்ஸ்ட்ரக்ஷன் வராது.

மாத்தி முடிச்சதும் ஒரு டெஸ்ட் விஎம்ல ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீட், ஏஈஎஸ்-256-ஜிசிஎம்முக்கு ஈவிபி ஆப்ஷனோட ஓட்டி முன்ன எடுத்த நம்பரோட ஒப்பிடுங்க, கேவிஎம்64ல இருந்து மாறினா வித்தியாசம் கண்ணுக்கு தெரியும். அப்புறம் அந்த லோட் ஓடிட்டு இருக்கும்போதே விஎம்ம பழைய ஹோஸ்டுக்கு மைக்ரேட் பண்ணி, அங்க இருந்து திரும்பவும் புது ஹோஸ்டுக்கு கொண்டு வாங்க. பழசுல இருந்து புதுசுக்கு மட்டும் போய் பாத்துட்டு விடாதீங்க, புதுசுல இருந்து பழசுக்கு போறப்போ தான் எரர் எல்லாம் வரும்.